மாஅபரின் குதிரைகளும் குளம்பு மருத்துவமும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில், பழனிமலைத் தொடரின் வடபுற அடிவாரத்தில் அமைந்துள்ளது ஒட்டன்சத்திரம். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டதும் அதன் பெரிய காய்கறிச் சந்தையே எவர் நினைவுக்கும் வரும். ஆயினும் பெயரின் பிற்பகுதி வேறொரு காலத்தை நினைவூட்டுகிறது. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். மனிதன் இளைப்பாறும் இடத்தில் அவனைச் சுமந்து வந்த விலங்கும் இளைப்பாறியாக வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், தீவனம் வேண்டும், தேய்ந்துபோன லாடத்தை மாற்றித் தரும் ஒரு கைவினைஞரும் வேண்டும். சாலைகளின் வரலாற்றை எழுதுவோர் மன்னர்களையும் படைகளையும் எழுதுகின்றனர். அந்தக் கைவினைஞரை எழுதுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒட்டன்சத்திரத்தை அடுத்த ஒரு தோட்டத்தில் மட்டக்குதிரை ஒன்றைக் கண்டோம். கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து ஓய்ந்தபின் கீழே கொண்டுவரப்பட்டது அது. முன்னங்கால்கள் இரண்டையும் முன்னே நீட்டி, உடற்பாரம் முழுவதையும் பின்னங்கால்களின்மேல் சாய்த்து, ஓரடியும் எடுத்து வைக்க மாட்டாமல் நின்றுகொண்டிருந்தது. லாடம்தான் இறுக்குகிறது என்று கருதிய உரிமையாளர், உழவுக் காளைகளுக்கு லாடம் அடித்துப் பழகிய முதியவர் ஒருவரை அழைத்திருந்தார். முதியவர் குளம்பின்மேல் சற்று நேரம் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது லாடத்தால வந்த நோவு இல்லீங்க, வாயால வந்தது" என்றார். விசாரித்தபோது, மெலிந்திருந்த விலங்கைத் தேற்றுவதற்காக ஒரு மாத காலமாகச் சோறும் அவித்த மக்காச்சோளமும் வெல்லமும் கொடுத்து வந்ததாக உரிமையாளர் கூறினார். அன்பினால்தான் கொடுத்தார். அந்த அன்பே அதன் கால்களை முடக்கியிருந்தது.

முதியவரின் அந்த ஒரு சொல், எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு செய்தியை மீண்டும் எடுத்துப் படிக்குமாறு நம்மைத் தூண்டியது. அதனை ஈண்டு வாசகர்முன் வைக்கின்றோம்.

குதிரைக்கும் இந்த வட்டாரத்திற்கும் உள்ள தொடர்பு பழையது. 1755இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராகப் பொறுப்பேற்ற ஹைதர் அலி, தம் பிற்கால ஆற்றலுக்கு இங்கிருந்தே அடித்தளமிட்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் வழியிலுள்ள விருப்பாட்சியில்தான், 1772இல் கணவரையும் நாட்டையும் இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார், பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கியிருந்தார். 1780இல் அவர் சிவகங்கையை மீட்டதற்கு ஹைதர் அலி அளித்த படையுதவி காரணமாயிற்று. இன்னும் பின்னோக்கிச் சென்றால், இப்பகுதியில் பரவலாக வாழும் இராவுத்தர்களின் பெயரே குதிரை வீரரைக் குறிக்கும் சொல் என்பதை அறிவோம். அருணகிரிநாதர் முருகனையே இராவுத்தன் என விளித்துப் பாடியிருப்பதும் நம் அறிஞர்கள் பலரும் எடுத்துக்காட்டும் செய்தியே.

குதிரை ஏறியவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். குதிரை விற்றவரையும் நினைவில் வைத்திருக்கிறோம். காயல் துறைமுகத்தின் குதிரை வணிகம் நம் கூட்டங்களிலும் மலர்களிலும் பெருமிதத்துடன் பேசப்படுவது. ஆனால் வந்திறங்கிய குதிரைகள் என்னவாயின? அவற்றின் குளம்பைக் காத்தவர் யார்? இவ்வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்பியதில்லை.

விடை தேடுமுன் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். லாமினைட்டிஸ் என்று கால்நடை மருத்துவர் அழைக்கும் இந்நோயைக் குளம்பழற்சி எனலாம். குதிரையின் குளம்பு வெறும் கொம்புப் பொருளாலான ஓர் உறை அன்று. அதனுள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. குளம்பின் உட்சுவரிலிருந்து புறப்படும் ஏறத்தாழ 550 முதல் 600 வரையிலான மெல்லிய தகடுகள், அந்த எலும்பைப் போர்த்திய உயிருள்ள தகடுகளோடு விரல்கள் கோத்தாற்போலப் பிணைந்து எலும்பைத் தாங்குகின்றன. ஒவ்வொரு தகட்டிலும் கண்ணுக்குப் புலப்படாத நூற்றுக்கும் மேற்பட்ட நுண்தகடுகள் உள்ளன. குதிரையின் முழுப் பாரமும் தொங்குவது இப்பிணைப்பில்தான். அழற்சியால் இது தளர்ந்தால், பின்புறத் தசைநாண் எலும்பை இழுக்க, எலும்பின் நுனி கீழ்நோக்கித் திரும்புகிறது. நோய் முற்றினால் அது உள்ளங்குளம்பைத் துளைத்து வெளிவருவதும் உண்டு. அந்த வேதனையிலிருந்து தப்பவே விலங்கு முன்கால்களை நீட்டிப் பின்னே சாய்கிறது.

காலில் தோன்றும் இந்நோயின் வேர் பெரும்பாலும் தீவனத்தில் உள்ளது. மாவுச்சத்து மிகுந்த தானியத்தை அளவுமீறி உண்ணும்போது, சிறுகுடலில் செரியாத பகுதி பெருங்குடலைச் சேர்ந்து புளிக்கிறது. அங்கு மிகும் அமிலம் குடற்சுவரைக் கெடுக்க, நச்சுப் பொருட்கள் இரத்தத்தில் கலக்கின்றன. செரித்த பகுதியும் தீங்கற்றதன்று. இரத்தத்தில் இன்சுலின் நெடுநேரம் மிகுந்திருந்தாலே குளம்பு பாதிக்கப்படும் என்பதை 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நிறுவினர். நலமாயிருந்த மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியபோது மூன்று நாட்களுக்குள் அவற்றுக்குக் குளம்பழற்சி உண்டாயிற்று. முதியவர் 'வாயால வந்தது' என்றதற்கு அறிவியல் அளித்த விளக்கம் இதுவே.

இனி வரலாற்றுக்கு வருவோம். அரபு, பாரசீக நூலோர் மாஅபர் என்று அழைத்த நம் கிழக்குக் கடற்கரை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் இருந்தது. இங்குக் குதிரை வந்திறங்கியதைப் பற்றி இரு முக்கியமான சாட்சிகள் உள்ளன. ஒருவர் 1292ஆம் ஆண்டையொட்டி இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ. மற்றவர் ஈரானின் ஷீராஸைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். இவர் தம் நூலை 1312இல் மங்கோலிய மன்னர் உல்ஜாய்த்துவிடம் அளித்தார்.

வஸ்ஸாஃப் தரும் செய்தி வணிகரின் கணக்கேட்டைப் புரட்டினாற்போல் உள்ளது. கைஸ் தீவின் அதிபர் மலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்புவதென்று உடன்பாடு. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களைக் கவனித்து வந்தார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் குதிரை இறந்துபடினும் அதன் விலை அரச கருவூலத்திலிருந்து கொடுக்கப்படும். இவையன்றி, முன்னர் பார்ஸ் நாட்டை ஆண்ட அத்தாபெக் அபூபக்ரின் காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மாஅபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்குச் சென்றதாகவும் அவர் எழுதுகிறார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் எவ்வாறு பேணப்பட்டன? இங்கேதான் வஸ்ஸாஃபின் குறிப்பு நம்மை நிறுத்துகிறது. பச்சைப் பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லியையும் நெய்யில் சமைத்த தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கச் செய்தனராம். குதிரை கொழுப்பதற்காக நாற்பது நாட்கள் லாயத்தில் கயிற்றாலும் முளையாலும் பிணித்து வைத்திருந்தனராம். அதன்பின் பயிற்சி ஏதுமின்றி வீரர்கள் அதன்மீதேறிக் கடுமையாக ஓட்டினராம். ஆற்றலும் விரைவும் மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே வலுவிழந்து, நடை தளர்ந்து, பயனற்றுப் போயின என்று அவர் முடிக்கிறார். மார்க்கோ போலோவும் சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைகளுக்குக் கொடுத்ததைக் குறிப்பிடுகிறார். ஓர் அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்கினாலும் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், இங்குப் பிறக்கும் குட்டிகள் கால் கோணியிருந்தன என்றும் எழுதுகிறார்.

இவ்விரு குறிப்புகளையும் இந்நாட்டாரின் அறியாமைக்குச் சான்றாகவோ, வெப்பநாட்டில் குதிரை வாழாது என்பதற்குச் சான்றாகவோ மட்டும் படித்துவிடுவது எளிது. குளம்பழற்சியின் இயல்பை அறிந்தவர் அவ்வாறு கடந்து செல்ல இயலாது. பல வாரங்கள் மரக்கலத்தில் நின்றே வந்த விலங்கை மீண்டும் நாற்பது நாட்கள் நடையின்றிக் கட்டிவைத்தனர். வெப்பமேற்றிய தானியம் சிறுகுடலில் விரைந்து செரித்து இன்சுலினை உயர்த்த வல்லது. பாலோ வளர்ந்த குதிரையின் குடலுக்கு எளிதில் ஏற்பதன்று. கொழுத்தபின் ஆயத்தமின்றிக் கடிய ஓட்டம். குளம்பழற்சி வருவதற்கு இதனினும் பொருத்தமான சூழலை இன்றைய மருத்துவராலும் எளிதில் காட்ட முடியாது. வஸ்ஸாஃப் சொல்வது சாவைக் குறித்தன்று, நடை தளர்ந்ததைக் குறித்தே என்பதும் கருதத்தக்கது. இந்நோய் பெரும்பாலும் கொல்வதில்லை, முடக்குகிறது.

எல்லா இழப்பையும் இந்நோயின் மீதே ஏற்றிவிடக் கூடாது. கடற்பயணத்தின் அயர்ச்சி, ஈரமண், வெப்பம், வயிற்றுவலி ஆகியவையும் குதிரைகளை மாய்த்திருக்கும். ஈக்கள் பரப்பும் சர்ரா நோயின் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்ததே 1880இல்தான். அதற்குமுன் அதன் காரணத்தை அறிந்தவர் உலகில் எவருமில்லர். குட்டிகளின் கால் கோணலுக்கும் காரணங்கள் வேறாக இருக்கலாம். ஆயினும் தீவனம் பற்றிய குறிப்பு மட்டும் ஐயத்திற்கிடமின்றி ஒரே திசையைக் காட்டுகிறது.

குதிரைகள் புறப்பட்ட நாடுகளில் இந்த அறிவு இருந்ததா? இருந்தது. பார்லியை மிகுதியாகத் தின்ற குதிரைக்கு வரும் நோய்க்குக் கிரேக்கர் அந்தத் தானியத்தின் பெயரையே இட்டிருந்தனர். அரபு மொழியில் அதற்கு 'ஹமர்' என்ற தனிச்சொல்லே உண்டு. வஸ்ஸாஃபின் காலத்தவரான இப்னு மன்ழூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' அகராதி, பார்லி மிகுதியால் கால்நடைக்கு வரும் நோய் என்றே அதற்குப் பொருள் கூறுகிறது. விலங்கு மருத்துவரைக் குறிக்கும் 'பைத்தார்' என்ற அரபுச் சொல் ஸ்பானிய மொழிக்குள் 'அல்பெய்த்தார்' எனப் புகுந்து நிலைத்தது. மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்குப் பொருளும் விலங்கு மருத்துவரின் மகன் என்பதே. ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு அகீ ஹிஸாம் குதிரை மருத்துவ நூல் இயற்றினார். 1209இல் பக்தாதில் ஓவியங்களோடு படியெடுக்கப்பட்ட 'கிதாபுல் பைத்தரா' இன்றும் கெய்ரோவில் உள்ளது. மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் தலைமைக் குதிரை மருத்துவர் அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய 'நாஸிரீ' பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டது.

நூல்களுக்கு வெளியே, அங்காடிச் சட்டத்திலும் இந்த அறிவு இடம்பெற்றிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்காக எழுதிய கையேட்டில் லாடம் கட்டுவோருக்கென ஒரு பகுதியே ஒதுக்கியுள்ளார். விலங்கு தன் நோவை வாய்விட்டுச் சொல்லாது. ஆகவே அதற்கு மருத்துவம் செய்வது மனிதருக்குச் செய்வதிலும் கடினம் என்பது அவர் கருத்து. குளம்பைச் சீவுமுன் காலின் நிலையைப் பார்த்தறிய வேண்டும், ஆணியை நொண்டும்படி இறுக்கவும் கூடாது, கல் புகும்படி தளர்த்தவும் கூடாது என்று அவர் விதிக்கிறார். வாயற்ற உயிரின் வேதனைக்கு அங்காடியில் கணக்குக் கேட்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

அப்படியாயின் இந்த அறிவு ஏன் குதிரையோடு கப்பலேறி வரவில்லை? மார்க்கோ போலோ இதற்கு ஒரு கடுமையான விடை தருகிறார். மாஅபரில் லாடம் கட்டிக் குதிரைக்கு மருத்துவம் செய்வோர் இல்லை என்றும், வணிகர்கள் அத்தகையோரைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறரையும் வரவிடுவதில்லை என்றும், குதிரை சாகச்சாகத் தம் வணிகம் வளரும் என்பதே அவர்கள் நோக்கம் என்றும் அவர் குற்றம் சாட்டுகிறார்.

இக்குற்றச்சாட்டை நாம் கண்டும் காணாமல் செல்வது அழகன்று. அதற்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. போலோ வணிகப் போட்டி மிக்க நகரத்தவர். கரையில் கேட்ட பேச்சைச் செய்தியாக எழுதியிருக்கலாம். வணிகரின் உலகத்தை அணுக்கமாக அறிந்த வஸ்ஸாஃப் இத்தகைய தடையெதையும் கூறவில்லை. ஆனால் அவர் மாஅபரைக் கண்ணால் கண்டவரும் அல்லர். இந்நாட்டார் குதிரை நூலே அறியாதவர் என்பதும் பொருந்தாது. சாலிஹோத்திரர், நகுலர் பெயர்களில் வழங்கும் வடமொழிக் குதிரை நூல்கள் முன்பே இருந்தன. நகுலரின் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்தும் உள்ளது. கொள்ளும் புல்லும் தின்று வளர்ந்த நாட்டுக் குதிரைகளைப் பேணும் வழக்கமும் இங்கிருந்தது.

எனினும் ஒன்றை மறுக்க முடியாது. உடன்பாட்டின் அமைப்பே குதிரையின் நலத்துக்கு எதிராக இருந்தது. வழியில் இறந்தாலும் விலை வந்துவிடும். கரையில் முடங்கினால் அடுத்த ஆண்டு புதிய குதிரை வேண்டும். தடை விதித்திருக்கத் தேவையில்லை. சொல்லாமல் இருந்தாலே போதும். விற்கும் பொருளின் குறையை மறைத்தலாகாது என்பது நம் வணிக நெறியின் அடிப்படை. அவ்வாறெனில், வாங்குபவர் அறியாமையால் பொருளைப் பாழாக்குவதைக் கண்டும் வாளாவிருப்பது எந்நெறியில் சேரும்? காயலின் பெருமையைப் பேசும்போது இவ்வினாவையும் சேர்த்தே பேசுவதுதான் வரலாற்றுக்குச் செய்யும் நீதி.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. அபுல் ஃபஸல் எழுதிய 'ஆயினே அக்பரீ', அரச லாயத்தின் ஊழியர் வரிசையில் பைத்தாரையும், லாடம் கட்டும் நஅல்பந்தையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. குதிரைக்கு ஆண்டுக்கு இருமுறை லாடம் கட்டப்பட்டதும், நான்கு குளம்புகளுக்கும் முன்னர் 8 தாம் ஆக இருந்த கூலி பின்னர் 10 தாம் ஆனதும் அதில் பதிவாகியுள்ளன. வடமொழிக் குதிரை நூல்கள் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டன. 'ஃபரஸ் நாமா' என்ற நூல்வகை இந்திய மண்ணில் செழித்தது. கடலோர வணிகத்தில் பிரிந்து நின்ற இரு மரபுகளும் குதிரைக் கொட்டிலில் ஒன்று கலந்தன. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிகழாத அறிவுப் பரிமாற்றம், ஒரே குதிரையை நாள்தோறும் தொட்டுப் பணிசெய்தவர்களிடையே நிகழ்ந்தது எனலாம்.

இன்றைய மருத்துவம் இந்நோய்க்குச் செய்வது என்ன? முதலில் தானியம் நிறுத்தப்படுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் இடைவிடாது வைத்திருப்பர். ஆழமான மணலிலோ மென்படுக்கையிலோ நிறுத்தி வலிக்கு மருந்தளிப்பர். பின் ஊடுகதிர்ப் படம் எடுத்து, உள்ளிருக்கும் எலும்பு எவ்வளவு திரும்பியுள்ளது என்று அளந்து, அதற்கேற்பக் குளம்பைச் சீவுவர்: நீண்ட முன்நுனியைக் குறைத்து, உயர்ந்த குதியைத் தாழ்த்துவர். லாடம் இடுவதாயின், குளம்படியின் முக்கோண மென்பகுதியைத் தாங்கும் இதய வடிவ லாடத்தையோ, திறந்த பக்கம் முன்னே வருமாறு திருப்பிய லாடத்தையோ இடுவர். ஆணியின் அதிர்வையும் தவிர்க்கப் பசையால் ஒட்டும் லாடங்களும் வந்துள்ளன. லாடமின்றிச் சீவலும் மெத்தையுமே போதுமென்போரும் உளர். எம்முறையாயினும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைப் பார்த்தாக வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது. முன்நுனி முழுதும் புதுப்பிக்கப்பட ஓராண்டு ஆகலாம். மருத்துவரும் லாடம் கட்டுபவரும் உரிமையாளரும் அந்த ஓராண்டும் ஒத்துழைத்தாலன்றி விலங்கு தேறாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் காயற்கரையில் இல்லாமற் போனது இந்த ஒத்துழைப்பே.

கொடைக்கானலில் 1863இல் அமைக்கப்பட்ட ஏரியைச் சுற்றி இன்றும் மட்டக்குதிரைகள் பயணிகளைச் சுமக்கின்றன. பார்க்க வருவோர் அன்பு மிகுதியால் நீட்டும் ரொட்டியும் இனிப்பும் அவற்றுக்கு எத்தகைய உணவு என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. மட்டக்குதிரைகளே இந்நோய்க்கு எளிதில் இரையாகும் இனம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அல்குர்ஆனின் நூறாவது அத்தியாயம் விரைந்தோடும் குதிரைகளின் குளம்பிலிருந்து தெறிக்கும் தீப்பொறியைக் குறித்தே தொடங்குகிறது. அந்தக் குளம்பை அறிந்து பேணுவதும் அதனை ஓதுவோரின் கடமையல்லவா?

ஒட்டன்சத்திரத்து மட்டக்குதிரையை ஏறத்தாழ ஓராண்டு கழித்து மீண்டும் கண்டோம். உரிமையாளர் தானியத்தை நிறுத்தி, மணல் பரப்பிய கொட்டிலில் அதனைக் கட்டியிருந்தார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்திருந்தார். லாடக்கார முதியவர் ஐந்து வாரத்திற்கொருமுறை வந்து, மருத்துவர் காட்டிய அளவில் குளம்பைச் சீவிச் சென்றார். குளம்புச் சுவரின் கீழ்ப்பகுதியில் நோய்க்காலத்து வளையங்கள் இன்னும் தெரிந்தன. மேலே புதிய குளம்பு சீராக இறங்கியிருந்தது. இனி அது எவரையும் சுமக்காது. ஆனால் நான்கு கால்களையும் சமமாக ஊன்றி நின்றது.